இருபது வேகன், ஒரு கார்டு பெட்டி

எனக்குத் தொழில் பல் கட்டுவது. நான் டாக்டர் இல்லை; டாக்டருக்குப் பின்னால் இருப்பவன். அவர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் செல்லூரில் ஒரு மாடியில் உட்கார்ந்து அந்த அச்சுக்குப் பல்செட் செய்து கொடுப்பேன். மதுரைக்குள்ளும், மேற்கே எழுமலை வரைக்கும், வடக்கே கொட்டாம்பட்டி வரைக்கும் நான் செய்த பற்களை வைத்து ஆட்கள் கறி தின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அவர்கள் சிரித்தால் எனக்கு அவர்களைத் தெரியும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எங்கள் தெரு ஆண்களுக்குச் சர்க்கரை வரும், அல்லது பைபாஸுக்கு அந்தப் பக்கம் இடம் வாங்கும் ஆசை வரும். எனக்கு மாதிரி ரயில் வந்தது. வீடு கூடல்நகரில். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் கூட்ஸ் ஷெட் தெரியும். அரிசி, உரம், சிமெண்ட் மூட்டைகளோடு மூடிய வேகன்கள் வந்து நிற்கும். லாரிகள் முதுகைக் காட்டிக்கொண்டு போய் ஒட்டிக்கொள்ளும். பயணிகள் வண்டியை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு இந்தக் கூட்ஸ் வண்டிமேல்தான் கண். தடித்தடியான கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாள், சாக்பீஸால் யாரோ கிறுக்கிய எண்கள். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் இதைச் செய்து ஓட விடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதைச் செல்போனில் தெரிந்துகொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதலில் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் பொம்மை ரயில் வாங்கினேன். எஞ்சினுக்கு முகம் இருந்தது. வேகன்களுக்கும் முகம் இருந்தது. எல்லாமே சிரித்தன. பற்கள் வரிசை சரியில்லை என்பதைத் தவிர வேறொன்றும் அதில் என் கவனத்தைக் கவரவில்லை.

அடுத்து எதிர்க்கோடிக்குப் போனேன். வடக்கே ஒருவர் நம்மூர் வேகன்களைக் கையால் செய்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒன்றுக்கு முன்பணம் கட்டி ஏழு மாதம் காத்திருந்தேன். வந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கதவுத் தாழ்ப்பாளில் பூட்டு மாட்டும் ஓட்டைகூட இருந்தது. ஏணிப் படிகள் தலைமுடி கனம். தலைகீழாகத் திருப்பினால் பிரேக் கம்பிகள், குழாய்கள், சிலிண்டர், எல்லாம் பித்தளையில். விலை, என் கணக்கில் சொன்னால், பதினான்கு செராமிக் முன்பற்கள். ஒரு வாரம் நான் அதைத் தலைகீழாகவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அவள் அதை நேராக நிமிர்த்தி வைத்து, "நல்லாத்தான் இருக்கு. ஒரு வண்டிக்கு எத்தன வேகன் வரும்?" என்று கேட்டாள்.

"நாப்பது வரும்."

"வருசத்துக்கு ஒண்ணு வாங்குவீங்களா?"

"ஒண்ணு வாங்கலாம்."

அவளுக்கு விரல் விட்டு எண்ணும் பழக்கம் இல்லை. "அப்ப வண்டி முழுசாகுறப்ப ஒங்களுக்கு எண்பத்தாறு வயசாகும்" என்றாள். "எஞ்சின் தனி."

அவள் கேலி செய்யவில்லை. விடை சொன்னாள்.

ஆகவே நானே செய்வது என்று முடிவெடுத்தேன். கையில் தொழில் இருக்கிறது, சின்ன அரம் இருக்கிறது, மெழுகு இருக்கிறது. இதைவிடக் கொடுப்பினை யாருக்கு உண்டு என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் இரண்டரை வேகன் செய்தேன். காரணம், அந்த முதல் வேகன். அதில் இருக்கிற ஒவ்வொரு ஆணித்தலையும் என்னுடையதிலும் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். அந்த வைராக்கியத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் ஓசூர்க்காரர். நான் சேர்ந்திருந்த மாதிரி ரயில் வாட்ஸ்அப் குழுவின் பெரியவர் அவர். ஏதோ தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் அனுப்பும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "கதவின் கீழ்க் கீலில் ஆணிகள் ஆறு. தங்களதில் ஐந்து" என்று எழுதுவார். மரியாதையான மனிதர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அந்த ஆறாவது ஆணிக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தேன்.

இப்படியே போயிருந்தால் எண்பத்தாறு வயது என்பது குறைவான மதிப்பீடாக ஆகியிருக்கும். ஒரு நாள் மனைவி பள்ளியிலிருந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னாள்: "ஸ்கூல்ல எக்ஸிபிஷன். அளவும் விகிதமும்தான் எங்க டிபார்ட்மெண்ட்டு தலைப்பு. ஒங்க கூட்ஸ் வண்டி ஓடும்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டச் சொல்லிட்டேன்."

"எங்கிட்ட இரண்டரை வேகன்தான இருக்கு."

"இருபது வேகன்னு சொல்லியிருக்கேன்."

"எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கு. இம்புட்டு நாளா செஞ்சீங்கள்ல."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதை வைப்பது என்பதை விட்டுவிட்டு எதை விடுவது என்று யோசித்தேன். தாளை எடுத்து எழுதினேன். வேகனின் அடிப்பக்கம்: வேண்டாம். கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்க ஒரு நாக்காவது இருக்கிறது. வேகனின் அடியை யார் பார்க்கப் போகிறார்கள்? பூட்டு ஓட்டை: வேண்டாம். ஆணிகள்: தனித்தனியாக ஒட்டாமல் அச்சிலேயே வரிசையாகப் புள்ளி. ஏணி: வேண்டும், ஏணி இல்லாவிட்டால் தீப்பெட்டி போல இருக்கும். எண்கள்: கட்டாயம் வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் கூட்ஸ் வண்டி என்று தெரிய வேண்டும். என் தொழிலும் இதுதான். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவனுக்குச் சந்தேகம் வராவிட்டால் அது பல். இருபது வருடமாக இதைச் செய்துவிட்டு, வேகனுக்கு வந்ததும் எனக்கு எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை.

பக்கவாட்டுக்கு ஒன்று, முன்பின்னுக்கு ஒன்று என இரண்டே அச்சு செய்தேன், வாயில் அச்சு எடுக்கும் சிலிகானில். ஊற்றுவதற்கு அக்ரிலிக். பட்டறையில் எப்போதும் மலிவாகக் கிடைப்பது பல்செட்டின் ஈறுக்குப் போடும் ரகம்தான். அதன் நிறம் ரோஸ். அதனால் என் வேகன்கள் எல்லாம் ஈறு நிறத்தில் பிறந்தன. வரிசையாகக் காய வைத்திருந்ததைப் பார்த்து, அச்சு கொடுக்க வந்த ஒரு டாக்டரின் உதவியாளர், "இது எந்த வாய்க்குண்ணே?" என்று கேட்டார்.

தரைக்கும் கூரைக்கும் நல்ல கனமான அட்டை வேண்டியிருந்தது. கடையில் விலை விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். மூன்று வருடக் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எங்கள் சொந்தத்தில் பெண் வீட்டார் கௌரவம் பத்திரிகையின் கனத்தில் இருக்கிறது. வெட்டினால் பிசிறு வராது. இருபது வேகனுக்கும் தரை கிடைத்தது.

சக்கரம்தான் பாக்கி. செல்லூரில் விசைத்தறிக்குப் பாகம் கடைந்து தருகிற என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் லேத் வைத்திருக்கிறான். போய் அளவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

"என்ன மாப்ள இது, சட்டப் பித்தானா?"

"ரயில் சக்கரம்."

"எம்புட்டு வேணும்?"

"நூத்தி அறுபது."

"நாலு சக்கரம் போதாதா ஒரு வண்டிக்கு?"

"இந்த வேகனுக்கு எட்டு."

"நாலு போட்டா ஓடாதா?"

நான் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். பிறகு, "அதுல மட்டும் கை வைக்க முடியாது" என்றேன். எதையெல்லாமோ விட்டவன் இதில் ஏன் நின்றேன் என்று அவனுக்குப் புரியவில்லை. எட்டுச் சக்கரம் தண்டவாளத்தில் போகிற சத்தத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கு அது கிடையாது. இதை அவனிடம் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் கேட்டிருக்கவும் கேட்டிருக்காது. பத்து நாளில் ஒரு ஸ்வீட் டப்பா நிறையச் சக்கரம் கொடுத்தான்.

வண்ணம் அடிப்பதில்தான் எழுமலைக்காரர் ஒருவர் உதவினார். அவர் ஒரு சம்சாரி, விவசாயம் பார்ப்பவர். மேல் செட்டுப் பல் பொருத்திப் பார்க்கும்போது கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். டாக்டர் போனில் எனக்குச் சொன்னார்: "ரொம்ப வெள்ளையா இருக்காம். ஊருக்குள்ள போனாச் சிரிப்பாங்களாம். வெத்தல போட்ட பல்லு மாதிரிக் கொஞ்சம் கறை வச்சுத் தரணுமாம்." நான் பல்லிடுக்குகளில் பழுப்பைத் தொட்டுத் தொட்டு வைத்து அனுப்பினேன். அவருக்கு அத்தனை சந்தோஷம். அதே தூரிகையால், அதே பழுப்பை வேகனின் கதவு இடுக்குகளில் வைத்துப் பார்த்தேன். ஒரே தடவலில் பத்து வருடம் ஓடிய வேகன் ஆகிவிட்டது. ஓசூர்க்காரருக்குப் படம் அனுப்பினேன், மூன்றடி தள்ளி நின்று எடுத்த படம். "மிக நன்று. அருகில் எடுத்த படம் உண்டா?" என்று பதில் வந்தது. இல்லை என்று எழுதிவிட்டேன்.

கண்காட்சியன்று வகுப்பறையில் எட்டு மேஜைகளை ஒட்டிப் போட்டுத் தண்டவாளம் விரித்தோம். கடையில் வாங்கிய எஞ்சினுக்கு அடுத்து, முதல் வேகனாக, அந்தப் பித்தளை வேகனை மாட்டினேன். நான் செய்த இருபதும் அதன் பின்னால். வீட்டுக்கு மூத்த பிள்ளையை முன்னால் நிறுத்துவது போல. தலைமை ஆசிரியை வந்தார். மாணவிகள் சுற்றி நின்றார்கள். சுவிட்சைப் போட்டேன்.

வண்டி நகர்ந்தது. நேர்ப்பாதையைத் தாண்டியது. இரண்டு தண்டவாளங்கள் பிரியும் இடத்துக்கு வந்ததும், பித்தளை வேகனின் அடியில் தொங்கிய பிரேக் கம்பி, தலைமுடி கனக் கம்பி, தண்டவாளத்தின் நுனியில் போய் மாட்டிக்கொண்டது. முதல் வேகன் நின்றது. பின்னாலிருந்த இருபதும் நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேஜைக்குக் கீழே மூன்று விழுந்தன.

மூன்று மாணவிகள் ஓடிப்போய் எடுத்தார்கள். ஒருத்தி பெயிண்ட் உதிர்ந்த இடத்தைப் பார்த்து, "மிஸ், உள்ள ரோஸ் கலர்!" என்றாள். இன்னொருத்தி தன் கையிலிருந்ததைத் திருப்பி, சத்தமாக வாசித்தாள்: "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து…"

வகுப்பறை சிரித்து முடிக்க நேரம் ஆனது. தலைமை ஆசிரியை சிரிக்காமல் இருந்தார்; அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அந்த நல்ல வேகன எடுத்துருங்க."

எடுத்தேன். மற்றதையெல்லாம் திரும்ப அடுக்கி ஓட்டினேன். ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. ரோஸ் ஈறும் கல்யாணப் பத்திரிகையும் விசைத்தறிச் சக்கரமும் சேர்ந்து கடகடவென்று ஓடின. பித்தளை வேகனை வேதியியல் லேபிலிருந்து வாங்கி வந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். மத்தியானம் வரைக்கும் அதைப் பார்த்த ஒவ்வொரு பிள்ளையும் ஒரே கேள்விதான் கேட்டது: "இது ஏன் சார் ஓடல? ரிப்பேரா?"

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பெற்றோர்கள் வந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கனத்த ரெக்சின் பை, கண்ணில் தூக்கம். வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்காமல், மேஜை மட்டத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். வண்டி அவர் முகத்துக்கு நேராகப் போனது. காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் எஞ்சினைத்தான் பார்த்தார்கள். எஞ்சின் போன பக்கம் தலையைத் திருப்பினார்கள். இவர் தலையைத் திருப்பவில்லை. வேகன் வேகனாகப் போக விட்டு, கடைசி வேகன் கடந்ததும் அதன் முதுகைப் பார்த்தார். அடுத்த சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நான் எங்க உக்காருறது?"

நான் ஒரு ஸ்டூலை எடுத்து நகர்த்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதில்ல சார். நான் கூட்ஸ் கார்டு. வண்டிக்குக் கடைசில என் பெட்டி எங்க?"

உண்மையில் கார்டு பெட்டி, வண்டிக் கோடியில் கொடி காட்டுகிறவர் உட்காரும் பெட்டி, என் பட்டியலில் இருந்தது. முதல் நாளே எழுதி முதல் நாளே அடித்துவிட்டேன். இருபது வேகனுக்கும் இரண்டு அச்சு போதும். இந்த ஒற்றைப் பெட்டிக்கு மட்டும் ஜன்னல், இரண்டு பக்கமும் திறந்த வராந்தா, கைப்பிடிக் கம்பி, இறங்கும் படி என்று தனியாக ஆறு அச்சு வேண்டும். ஐந்து வேகனின் வேலை. அதுவும் வண்டியின் கடைசியில். யார் அதுவரைக்கும் பார்க்கப் போகிறார்கள்? இதை அப்படியே அவரிடம் சொல்ல முடியாதே. "அது கொஞ்சம் செலவு பிடிக்கிற பெட்டி மேடம். அதான் இப்போதைக்கு…" என்று இழுத்தேன்.

"பரவால்ல சார். அங்கயும் அதத்தான் சொல்றாக. கடைசி வேகன்ல ஒரு கருவிய மாட்டிட்டு, கார்டே இல்லாம வண்டி விட ஆரம்பிச்சுட்டாக. இன்னும் கொஞ்ச வருசம் போனா ஒங்க வண்டிதான் கரெக்ட்டா இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. மகள் முகத்தில்தான் வாட்டம். தோழிகளிடம் அம்மா வேலை பார்க்கும் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்து வந்திருக்கிறாள் போல. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யோசிக்காமல், "செஞ்சிருவோம். அடுத்த மாசத்துக்குள்ள செஞ்சிருவோம்" என்றேன். இருபது வருடமாக டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது.

வீட்டுக்குப் போனதும் ஓசூர்க்காரரிடம் படம் கேட்டேன். கார்டு பெட்டியின் வெளிப்புறம் பதினேழு படங்கள் அனுப்பினார், அளவுகளோடு. உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "உட்புறத் தகவல் என்னிடம் இல்லை" என்று எழுதினார். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஷெட்டுக்குப் போய்ப் படம் எடுக்கலாமா என்று மனைவி மூலமாக அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "போட்டோ கீட்டோ எடுக்காதீங்க, வம்பாயிரும். நானே வாரேன், சொல்றேன், வரஞ்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்தார். சுற்றிலும் பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்துகொண்டிருக்க, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பெரிய தாளை விரித்து, நான்கு வகைப் பென்சில்களை வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். உட்புறம் என்றால் எத்தனை சாமான் இருக்கும், எதை வைப்பது, எதை விடுவது என்று முன்தினமே மனதுக்குள் சண்டை போட்டு முடித்திருந்தேன்.

"உள்ள ஒரு சீட்டு. தகரம்" என்றார். வரைந்தேன்.

"ஹேண்ட் பிரேக் சக்கரம். இந்தப் பக்கம்." வரைந்தேன்.

"பொட்டி வைக்க ஒரு எடம். கதவு ரெண்டு. ஒண்ணு சாத்துனாத் திறக்காது, இன்னொண்ணு சாத்தவே சாத்தாது. இது நான் போன வாரம் போன பெட்டியில."

"அப்பறம்?"

"அம்புட்டுதான்."

"லைட்டு?"

"நான் கொண்டு போற டார்ச்சு."

"ஃபேன்?"

தலையை ஆட்டினார்.

"தண்ணி?"

"கேன்ல எடுத்துட்டுப் போவேன்."

அடுத்ததைக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கினேன். அவரே புரிந்துகொண்டார்.

"அது ஸ்டேஷன்ல நின்னாத்தாண்ணே. ஸ்டேஷன்ல நின்னாலும், நம்ம பெட்டி பிளாட்பாரத்துக்கு அர மைல் தள்ளி முள்ளுக்குள்ள நிக்கும். எப்ப சிக்னல் போடுவான்னு தெரியாது, எறங்கவும் முடியாது. டூட்டின்னா முந்துன ராத்திரியிலருந்தே தண்ணி குடிக்க மாட்டேன். சித்திர வெயில்லயும்தான்."

சாரிலிருந்து அண்ணனுக்கு எப்போது மாறினார் என்று நான் கவனிக்கவில்லை. என் தாளில் ஒரு சீட்டும் ஒரு சக்கரமும் இருந்தன. விவரத்துக்கும் விலைக்கும் நடுவில் நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த சிக்கனத்தை, எனக்கு முன்னாலேயே யாரோ நிஜ அளவிலேயே செய்து முடித்திருந்தார்கள். என்னுடைய எல்லா வேகன்களிலும் மூலத்துக்கு அப்படியே உண்மையாக இருக்கப் போவது இதுதான். அதுவும் செலவே இல்லாமல்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கவாண்ணே? உள்ள ஒரு லைட்டு மட்டும் வச்சிருங்க. எம்மக பாக்குறப்ப இருட்டா இருக்க வேணாம்."

பெட்டியை முடிக்க ஐந்து வாரம் ஆனது. கைப்பிடிக் கம்பிகளைப் பல்லுக்குக் கிளிப் போடும் கம்பியில் வளைத்தேன். அதற்கென்றே செய்தது போலப் பொருந்தியது. ஹேண்ட் பிரேக் சக்கரத்துக்காகச் சிநேகிதனிடம் போனபோது, "ஒத்தச் சக்கரத்துக்கு லேத்த ஓட்டச் சொல்றியே மாப்ள, ஒனக்கு என்னதான் ஆச்சு?" என்று திட்டிவிட்டு, நான் கேட்டதைவிடச் சின்னதாகவே கடைந்து கொடுத்தான். கூரைக்கு உள்ளே அரிசியில் பாதி அளவு பல்பு ஒன்றை ஒட்டினேன். எரிய விட்டுப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், இந்தத் தடவை கிட்டத்தில் எடுத்த படம்.

ஓசூர்க்காரர் எழுதினார்: "கைப்பிடிகள் அருமை. ஆனால் மூலத்தில் உள்விளக்கு இல்லையே?"

"இல்லை. அதில் வேலை பார்ப்பவர் கேட்டார். வைத்தேன்" என்று எழுதினேன்.

மூன்று நாள் அவரிடமிருந்து குழுவுக்குக் காலை வணக்கம் வரவில்லை. நான்காம் நாள் தனியாக எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: "பல்பு எங்கே வாங்கினீர்கள்?"

அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். மகள் தரையில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "ம்மா, லைட்டு எரியுதும்மா. சீட்டெல்லாம் இருக்கு" என்றாள். அம்மா மெல்லக் குனிந்து, கைப்பிடிக் கம்பியை நகத்தால் தொட்டார். நான் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமாக ஓர் உருவம், பல் மெழுகில் செய்தது. இறக்குமதிப் பொம்மைகளில் கார்டு என்றால் தொப்பி வைத்த வெள்ளைக்காரன்தான் கிடைப்பான். அதனால் நானே செய்தேன். தோளில் பை, பின்னால் ஜடை. சீட்டில் உட்கார வைக்கப் போனேன்.

"வேணாம்ணே" என்றார். "அவ எறங்கிப் போயிருக்கான்னு வச்சுக்குவோம்."

"எங்க?"

அவர் சிரித்தார். என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டேஷன் கழிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறேன். பிளாட்பாரத்தின் கோடியில் இல்லை, கார்டு பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேராக. சுவர் ஒரே அச்சில் வந்துவிட்டது, கூரை அட்டை. கதவுத் தாழ்ப்பாள் இந்த அளவில் செய்தால் அரை மில்லிமீட்டருக்குள் வரும், மூன்றடி தள்ளி நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது. விட்டுவிடலாமா என்று கார்டிடம் போனில் கேட்டேன்.

"மத்தத விட்டாலும் விடுங்கண்ணே" என்றார். "மொதல்ல தாப்பாளப் போடுங்க."